அரக்கு முத்திரை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

அரசு வழக்கறிஞராக இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதும் கட்டுரைகளை விடாமல் படித்து வருகிறேன். சட்டப் படிப்பை முடித்துவிட்டு, திருநெல்வேலியில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் ஒன்றரை ஆண்டாக ஜூனியராக இருக்கிறேன். இங்கே வருவதெல்லாம் சாராய வழக்கு, சீட்டாட்ட வழக்கு, வரப்புத் தகராறு. இவற்றில் என் காலம் வீணாகிறது என்று தோன்றுகிறது. சைபர் சட்டத்தில் தேர்ச்சி பெற்று, அரசு வழக்கறிஞராகி, காவல்துறைக்காக வாதாட வேண்டும் என்பது என் கனவு. அதற்கு எந்தப் பட்டயப் படிப்பில் சேரலாம்? கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டுமா? அரசு ஊதியத்தில் வாழ முடியுமா, அல்லது தனியார் நிறுவனத்துக்கே போய்விடலாமா? சைபர் பயங்கரவாத வழக்குகளை நடத்தும் வாய்ப்பு அரசு வழக்கறிஞருக்குக் கிடைக்குமா?

இந்த எண்ணம் வலுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் என் அத்தையிடம் வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி 40,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள். புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டோம். அவருடைய பழைய போனைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கித் தரப்போகிறேன்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்த வழக்கு டைரிகள். 2015ஆம் ஆண்டு டைரியில் ஒரு பக்கத்தில் ஒரு வழக்கு எண்ணும், எதிரே சிவப்பு மையில் ‘விடுதலை’ என்ற சொல்லும் இருந்தன. அதன் கீழே ‘சான்’ என்று எழுதி அடித்திருந்தேன். சான்றிதழ் என்று எழுத ஆரம்பித்திருப்பேன். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லையென்றால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருப்பேன்.

அந்த இரண்டு வரியை முதலில் முடித்துவிடுகிறேன். ஊதியத்தில் வாழலாம், நான் இரண்டு பெண்களைப் படிக்கவைத்திருக்கிறேன். பட்டயப் படிப்பில் சேருங்கள், சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் குடி முழுகிவிடாது. சைபர் பயங்கரவாதம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-எஃப் பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும். ஒரு சிறு நகரத்து நீதிமன்றத்தில் அதற்காகக் காத்திருந்தால் தலை நரைத்துவிடும். உங்கள் மேஜைக்குத் தினமும் வரப்போவது 66-டி. கணினியோ போனோ கொண்டு ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. உச்ச தண்டனை மூன்று ஆண்டு. மூன்று ஆண்டுக் குற்றம் என்பதால் 77-பி பிரிவின்படி ஜாமீனில் விடவேண்டியது. குற்றம் சாட்டப்பட்டவன் காலையில் கைதாகி மாலையில் டீக்கடையில் நிற்பான்.

இதையெல்லாம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நடத்துபவர் உதவி அரசு வழக்கறிஞர். அதற்கு டிஎன்பிஎஸ்சி தேர்வு வைக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் தொழில் செய்த அனுபவம் கேட்பார்கள். வீணாகிறது என்று நீங்கள் எழுதியிருக்கும் காலத்தைத்தான் அவர்கள் அனுபவம் என்று எண்ணுகிறார்கள்.

‘காவல்துறைக்காக வாதாட’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை எங்கே கற்றீர்கள்? அரசு வழக்கறிஞர் காவல்துறையின் வக்கீல் இல்லை. ஆய்வாளர் நீட்டுகிற குற்றப்பத்திரிகையைப் படித்துவிட்டு ‘இது நிற்காது, கொண்டுபோங்கள்’ என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் அரசு அவருக்குச் சம்பளம் தருகிறது. 2012இல் புதுச்சேரியில் ஒரு ட்விட்டர் பதிவுக்காக ஒருவரைக் கைது செய்தார்கள். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய 66-ஏ பிரிவு. அந்தப் பிரிவையே உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. அதற்குப் பிறகும் நாட்டின் பல இடங்களில் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். 2021இல் அது தெரியவந்தபோது உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. செத்துப்போன பிரிவில் தயாரான ஒவ்வொரு குற்றப்பத்திரிகையும் ஏதோ ஓர் அரசு வழக்கறிஞரின் மேஜையைத் தாண்டித்தான் போயிருக்கும். நீங்கள் அந்த மேஜையில் உட்கார ஆசைப்படுகிறீர்கள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சாராய வழக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அது.

சாராய வழக்கில் எதிர்த்தரப்பு எதைப் பிடிக்கும்? சாராயம் இருந்ததா இல்லையா என்பதையா? அதை யாரும் கேட்பதில்லை. மாதிரி பாட்டிலில் அரக்கு முத்திரை வைத்தது எங்கே, சம்பவ இடத்திலா, ஸ்டேஷனிலா? மகஜரில், அதாவது சாட்சிகள் முன் பொருளைக் கைப்பற்றியதை எழுதும் பத்திரத்தில், முத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறதா? படிவம் 95 போட்டு பாட்டிலை நீதிமன்றத்துக்கு அனுப்பியது எந்தத் தேதி? பிடித்தது திங்கள், அனுப்பியது வெள்ளி என்றால் நடுவே நான்கு நாள் பாட்டில் யார் கையில் இருந்தது? ஆய்வகத்தில் பிரித்தபோது முத்திரை உடையாமல் இருந்ததா? என் முதல் மூன்று ஆண்டுகள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடியே போயின. நானும் உங்களைப் போலத்தான் புழுங்கினேன்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு மாஜிஸ்திரேட் என்னிடம் ‘ஹாஷ் மதிப்பு என்றால் என்ன அம்மா, தமிழில் சொல்லுங்கள், சாட்சியத்தில் பதிய வேண்டும்’ என்று கேட்டார். சைபர் பிரிவிலிருந்து வந்த சாட்சி ஏதோ அல்காரிதம் என்று ஆரம்பித்து வியர்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, ‘ஐயா, அது அரக்கு முத்திரை’ என்றேன். ஹார்டு டிஸ்கைக் கைப்பற்றியதும் அதிலுள்ள மொத்தத் தகவலையும் ஒரு கணக்கில் ஓட்டினால் நீளமான ஓர் எண் கிடைக்கும். உள்ளே ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். கைப்பற்றியபோது எடுத்த எண்ணும் ஆய்வகத்தில் எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தால் முத்திரை உடையவில்லை. அவ்வளவுதான். அவர் தலையை ஆட்டிவிட்டுத் தட்டச்சரைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலும் தலையை ஆட்டினார். அவரும் சாராய வழக்கில் வளர்ந்தவர்தானே.

இப்போது அந்த டைரிப் பக்கம்.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா. ஏடிஎம்மில் பணம் எடுக்கத் தெரியாமல் நின்றபோது, உதவுகிறேன் என்று வந்தவன் அட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டான். ரகசிய எண்ணை இவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஆறு நாளில் 1,84,000 ரூபாய் போயிற்று. ஓய்வின்போது கைக்கு வந்த மொத்தப் பணமும் அதுதான். ஏடிஎம் கேமராவில் அவன் முகம் தெளிவாக விழுந்திருந்தது. வங்கி ஒரு சிடியில் பதிந்து கொடுத்தது, போலீஸார் வாங்கி வழக்கோடு சேர்த்தார்கள். ஆளும் பிடிபட்டான். பணம் பிடிபடவில்லை. விசாரணைக்கு வந்தபோது அந்த அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூண்டில் நின்றவனைப் பார்த்து ‘இவர் மாதிரித்தான் இருந்தது’ என்றார். ‘மாதிரி’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மிச்சமிருந்தது அந்த சிடி ஒன்றுதான்.

எதிர்த்தரப்பில் உங்கள் வயதுப் பையன் ஒருவன் வந்தான். கையில் ஒரு தீர்ப்பின் நகல். அன்வர் – பஷீர் வழக்கு, 2014 செப்டம்பர் 18. மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொண்டுவந்தால், சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி, அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்ட சான்றிதழ் கூடவே வர வேண்டும். இல்லையென்றால் அதைப் பார்க்கவே கூடாது என்கிறது. நம் சிடியோடு சான்றிதழ் இல்லை. வங்கி மேலாளர் ஒரு முகப்புக் கடிதம் மட்டும் கொடுத்திருந்தார்.

நான் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்கவில்லை. வெளிவந்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. எதிர்த்தரப்புப் பையன் கையிலிருந்து வாங்கித்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சப்பைக்கட்டு என்னிடம் இருக்கத்தான் செய்தது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றமே, சான்றிதழ் இல்லாவிட்டாலும் வேறு பிரிவுகளின் வழியே நிரூபிக்கலாம் என்று சொல்லியிருந்தது. ஒன்பது ஆண்டு அந்தத் தீர்ப்பின் நிழலில் நாங்கள் எல்லோரும் சோம்பிக்கிடந்தோம். ஆனால் அதற்கும் முந்தைய ஆண்டு, 2004இல், சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு எனக்குத் தெரியும். யாஹூ குழு ஒன்றில் ஒரு பெண்ணைப் பற்றி ஆபாசமாக எழுதிப் போட்டவனுக்கு ஏழெட்டு மாதத்துக்குள் தண்டனை வாங்கிக்கொடுத்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் இந்தியாவிலேயே முதல் தண்டனை என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த வழக்கில் இணையப் பக்கத்தின் நகலை 65-பி சான்றிதழோடுதான் தாக்கல் செய்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே அதைச் செய்திருக்கிறார்கள். அந்த வழக்கைப் பற்றி நான் பயிற்சி வகுப்பில் பேசியிருக்கிறேன். பேசிவிட்டு வந்து, என் வழக்கில் சான்றிதழ் இல்லாத சிடியை வைத்துக்கொண்டு நின்றேன்.

வங்கி மேலாளரைத் திரும்ப அழைக்க மனுப் போட்டிருக்கலாம். அவர் வேறு மாநிலத்துக்கு மாறுதலாகிப் போயிருந்தார். ஆய்வாளர் உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வாய்தாவுக்கு இன்னும் நாற்பது வழக்கு இருந்தது. போடவில்லை.

தீர்ப்பு அன்று அந்த அம்மா நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்று கேட்டார்: ‘அந்தப் படத்தில் அவன் முகம் இருக்கிறது என்று எல்லோரும் சொன்னீர்களே அம்மா, கோர்ட்டில் ஏன் யாரும் போட்டுப் பார்க்கவில்லை?’ நான் சட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

2018இல் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு சான்றிதழ் விஷயத்தைக் கொஞ்சம் தளர்த்தியது. 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தளர்த்தியது தவறு, சான்றிதழ் கட்டாயம் என்று திரும்பவும் இறுக்கியது. மகாராஷ்டிரத்தில் வேட்பு மனு தாக்கல் செய்த நேரத்தைப் பற்றிய தேர்தல் வழக்கு அது. கேமராப் பதிவு அங்கேயும் உண்டு. சான்றிதழைக் கேட்டு அலைந்தும் அதிகாரிகள் தராதபோது என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்கிறது: செய்ய முடியாததைச் செய்யும்படி சட்டம் கட்டாயப்படுத்தாது, நீதிமன்றமே கேட்டு வாங்கலாம், குற்றவியல் வழக்கில் விசாரணை முடிவதற்குள் தாக்கல் செய்ய நீதிபதி அனுமதிக்கலாம். அன்று இரவு அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆறுதலாக இருந்தது. இரண்டாம் முறை, நான் அலையவே இல்லை என்பது உறைத்தது. செய்ய முடியாமல் போனது என்று நான் எதைச் சொல்வேன்?

சான்றிதழ், சான்றிதழ் என்று கிழவி ஏன் அரற்றுகிறாள் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. 65-பி இப்போது பிரிவு 63. சான்றிதழுக்கு அட்டவணையில் படிவமே கொடுத்துவிட்டார்கள், இரண்டு பகுதியாக. ஒன்றில் தாக்கல் செய்பவர் கையெழுத்து, மற்றதில் நிபுணர் கையெழுத்து. ஹாஷ் மதிப்பை எழுதவும் இடம் விட்டிருக்கிறார்கள், எந்தக் கணக்கில் எடுத்தது என்று கட்டம் போட்டு. என் அரக்கு முத்திரை சட்டப் புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அந்த நிபுணர் யார், சிறு நகரத்தில் அவரை எங்கே தேடுவது என்ற தலைவலி இனி உங்களுடையது. பட்டயப் படிப்பில் இந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். விசாரணை அதிகாரியின் தகுதியையும் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றத்தை ஆய்வாளர் நிலைக்குக் கீழே இருப்பவர் புலனாய்வு செய்யக் கூடாது என்பது பிரிவு 78. உதவி ஆய்வாளர் கையெழுத்தோடு வந்த கோப்பு ஒன்றை நானே திருப்பியிருக்கிறேன்.

உங்கள் மூத்தவர் நாளைக்கு ஒரு சாராய வழக்குக் கட்டைக் கொடுத்தால், மகஜரையும் படிவம் 95ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எழுத நினைத்ததைவிட நீண்டுவிட்டது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோதே எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை. அத்தையின் போனைக் கடையில் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். வந்த அழைப்பின் பதிவு, வங்கிக் குறுஞ்செய்தி, எதையும் அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோம் என்று போனைத் துடைத்துவிடாதீர்கள். அசல் அந்தப் போனில்தான் இருக்கிறது. 1930க்கு இன்றே கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகாரைப் பதியுங்கள், வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம். ஒரு வாரத்தை விட்டுவிட்டீர்கள், சட்டம் படித்த பிள்ளை. போகட்டும். வங்கியின் பக்கம் பாதுகாப்புக் குறை இருந்தால், அதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 46-வது பிரிவின்படி தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் இழப்பீடு கேட்டுத் தனியே மனுச் செய்யலாம். நம் மாநிலத்தில் அது தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். 2010இல் தூத்துக்குடிக்காரர் ஒருவர், போலி மின்னஞ்சலில் ஏமாந்து போன பணத்துக்காக, ஒரு தனியார் வங்கிக்கு எதிராக 12,85,000 ரூபாய் உத்தரவு வாங்கியிருக்கிறார்.

புகாரை நீங்களே உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எந்த எண், அத்தை என்ன சொன்னார், எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு போயிற்று. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். அத்தையின் பெயர் என்னவென்று நீங்கள் சொல்லவே இல்லை.