எல்லையோர மரங்கள் வெட்டப்பட்டால்: அடிமரம் நின்ற இடம் யாருடையது?

கேள்வி: எங்கள் தந்தை 1988-இல் கிரயம் பெற்ற தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில், வண்டிப்பாதையை ஒட்டி, அவர் நட்டு வளர்த்த வேம்பும் புளியுமாக ஏழு மரங்கள் நின்றன. பக்கத்து நிலத்தைப் புதிதாக வாங்கியவர், நாங்கள் ஊரில் இல்லாத நாளில் நான்கு மரங்களை வெட்டி லாரியில் ஏற்றி விற்றுவிட்டார். கேட்டபோது, அவை தம் நிலத்தில் நின்றவை என்று கூறி என் தாயைத் தரக்குறைவாகப் பேசினார். காவல் நிலையத்தில் மனு ரசீது கொடுத்ததோடு சரி. கலெக்டர் அலுவலகத்துக்கு அனுப்பிய மனுவின் நகலை இணைத்துள்ளேன். ஒரு மரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றமே கூறியிருக்கும்போது, இவரைச் சிறைக்கு அனுப்பி இழப்பீடு பெற முடியாதா?
(வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்:

உங்கள் நீண்ட கடிதத்தில் வழக்குக்குத் தேவையான ஒரே செய்தி இல்லை. வெட்டப்பட்ட நான்கு மரங்களின் அடிமரம் எந்தப் புல எண்ணுக்குள் (சர்வே எண்) நின்றது? உங்கள் பட்டா நிலத்திலா, அவருடைய பட்டா நிலத்திலா, இரண்டுக்கும் இடைப்பட்ட பாதைப் புறம்போக்கிலா? மண்ணில் வேரூன்றி நிற்கும் மரம் அந்த மண்ணின் உரிமையாளருக்கே உரியது என்பதுதான் பொது விதி. யார் நட்டார், யார் தண்ணீர் ஊற்றினார், யார் பழம் பொறுக்கினார் என்பவை அந்த விதியைத் தாமாக மாற்றிவிடுவதில்லை. உங்கள் தாயைப் பேசியது, நீங்கள் இல்லாத நாளைத் தேர்ந்தெடுத்தது, காவல் நிலையத்தில் அலட்சியம் காட்டியது ஆகியவை உங்களுக்கு நேர்ந்த உண்மையான வலிகள். ஆனால் மரத்தின் உரிமையை முடிவு செய்யும்போது நீதிபதி இவற்றில் எதையும் எடைபோட மாட்டார். உங்கள் கிரயப் பத்திரத்தில் இருக்கும் ‘மாவடை, மரவடை உள்பட’ (நிலத்தில் உள்ள மரங்களும் சேர்த்து) என்ற வாசகத்தையும் பெரிதாக நம்ப வேண்டாம். அதே வாசகம் அவருடைய பத்திரத்திலும் இருக்கும். அவரவர் எல்லைக்குள் நிற்கும் மரங்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

நீங்கள் குறிப்பிடும் ஒரு லட்சம் ரூபாய், உத்தரப் பிரதேசத்தில் விருந்தாவனம் அருகே 454 மரங்களை வெட்டியவர்மீது 2025 மார்ச்சில் உறுதி செய்யப்பட்ட தொகை. தாஜ்மஹாலைச் சுற்றியுள்ள பாதுகாக்கப்பட்ட பகுதியில் அனுமதியின்றி மரம் வெட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் முன்பே பிறப்பித்திருந்த உத்தரவை மீறியதற்காக விதிக்கப்பட்டது அது. அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான விலைப்பட்டியல் அன்று. நம் மாநிலத்தில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களுக்கு 1955-ஆம் ஆண்டின் மலைப் பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. சமவெளிப் பட்டா நிலத்து வேம்புக்கும் புளிக்கும் அதுபோன்ற பாதுகாப்பு இல்லை என்பது வருந்தத்தக்க உண்மை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் நான்கு மரங்களுக்கான எல்லைத் தகராற்றைக் கையில் எடுக்காது.

சிறை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்ணோடு இணைந்து நிற்கும்வரை மரம் திருட்டுக்கு உரிய பொருளாகாது. நேர்மையற்ற எண்ணத்தோடு வெட்டிப் பிரித்த நொடியில் ஆகிவிடும். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவு அந்தப் பழைய சட்டத்திலிருந்து இதை அப்படியே ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் ‘என் நிலம் என்று நம்பித்தான் வெட்டினேன்’ என்று குற்றம் சாட்டப்பட்டவர் நல்லெண்ணத்தோடு உரிமை கோரினால், நேர்மையற்ற எண்ணம் என்ற அடிப்படையே ஆட்டம் காணும். எல்லை அளக்கப்படாத நிலையில் இந்தப் புகார் ‘உரிமையியல் (சிவில்) தன்மை கொண்டது’ என்று எழுதி முடிக்கப்படுவதற்கே வாய்ப்பு அதிகம். அப்படி முடிக்கப்பட்ட புகாரைத் தமக்குச் சாதகமான ஆவணமாக அவர் பின்னர் சிவில் கோர்ட்டில் காட்டுவார்.

இனி, என்னை உண்மையில் கவலைப்படவைத்த செய்திக்கு வருகிறேன். கலெக்டருக்கு அனுப்பிய மனுவில், ‘பாதையோரம் எங்கள் தந்தை நட்டுப் பராமரித்த மரங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்திலும் உங்கள் கிழக்கு எல்லை ‘வண்டிப்பாதை’ என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. எல்லைக்கு உள்ளே என்று எண்ணித்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை அப்படிப் படிக்க மாட்டார். குறுக்கு விசாரணையில் அவர் முதலில் நீட்டப்போகும் ஆவணம் இந்த மனுதான்: மரங்கள் பாதையில் நின்றன என்று நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், பாதை அரசுப் புறம்போக்கு, ஆகவே இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்பார். ஒப்புதல் என்பது முடிவான சான்று அன்று என்றாலும், எழுதியவர் அதை விளக்கி மீள்வது கடினம். இத்துடன் நில்லாது, பாதையை அளக்க வரும் சர்வேயர், உங்கள் வேலியே பாதைக்குள் இருக்கிறது என்று அறிக்கை தந்தால், மரத்துக்கு நியாயம் கேட்டுச் சென்ற நீங்கள் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் பெறுவீர்கள். கோபத்தில் எழுதிய ஒரு பக்க மனுவால் வழக்கின் அடித்தளத்தையே இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எல்லை அளந்து முடியும்வரை யாருக்கும் எந்தப் புகார் மனுவும் அனுப்பாதீர்கள்.

அடுத்த ஆபத்து அடிக்கட்டைகள். வெட்டியவர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் ஜே.சி.பி.யோடு திரும்பி வந்து வேரோடு தோண்டி நிலத்தைச் சமன் செய்துவிடுவார்கள். அடிக்கட்டை போய்விட்டால் மரம் எங்கே நின்றது என்பதற்குச் சாட்சிகளின் வாய்மொழி மட்டுமே மிஞ்சும். தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள். தாலுகா அலுவலகத்தில் எல்லை அளக்க உடனே பணம் கட்டுங்கள். வழக்கு தொடுக்க நேர்ந்தால், முதல் நாளிலேயே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 26, விதி 9-இன்படி, இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரைச் சர்வேயருடன் அனுப்பக் கோர வேண்டும். இதற்கிடையில் நீங்களாகவே கல் ஊன்றுவதும் கம்பி வேலி போடுவதும் கூடாது. அத்துமீறியவர் என்ற பெயர் உங்களுக்கு வந்து சேரும்.

வழக்கின் வடிவத்திலும் பலர் தவறுகிறார்கள். ‘தலையிடக் கூடாது’ என்ற வெறும் தடைக்கட்டளை வழக்கு செலவு குறைவு என்பதால் அதையே போடச் சொல்வார்கள். உரிமையே மறுக்கப்பட்டு, அந்த மறுப்பு உண்மையான ஐயத்தை எழுப்பும் இடத்தில் நிலம் தமக்கே உரியது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகைப் பரிகாரமும் சேர்த்துக் கோர வேண்டும் என்று அனதுலா சுதாகர் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. பல ஆண்டுகள் நடத்தி முடித்த பிறகு, இந்தக் காரணத்தால் வழக்கு தள்ளுபடியாவது தாங்க முடியாத இழப்பு. இழப்பீட்டுத் தொகையையும் கோபத்தில் உயர்த்தாதீர்கள்: தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கோரும் தொகையில் 3 சதவீதம், பத்து லட்சம் கேட்டால் முப்பதாயிரம் ரூபாயை முதலிலேயே கட்ட வேண்டும், நிரூபிக்க முடிவதோ மரக்கட்டையின் மதிப்பும் சில ஆண்டுகளின் பலனும் மட்டுமே. அத்துமீறலுக்கான இழப்பீட்டு வழக்குக்கு மூன்று ஆண்டுகள் காலவரையறை இருப்பதால், அளவை முடியும்வரை காத்திருப்பதால் உங்களுக்கு நட்டமில்லை.

நான் மிகவும் அக்கறை கொள்வது இன்னும் நிற்கும் மூன்று மரங்களைப் பற்றித்தான். முப்பது ஆண்டு வேம்பை எந்தத் தீர்ப்பாணையும் மீண்டும் நிறுத்தாது; அந்த நிழலும், அதில் கூடும் பறவைகளும், அது பிடித்துவைக்கும் மண்ணும் ஒரு தலைமுறைக்கு இல்லாமற்போய்விட்டன. உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு, ஒரு மரம் ஆண்டுக்கு 74,500 ரூபாய் மதிப்புடையது என்று 2021-இல் கணித்தது. அந்தத் தொகை உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் மரம் போனால் பணத்தால் ஈடுகட்ட முடியாது என்ற வாதம் இடைக்காலத் தடை கேட்கும்போது மிக வலுவானது. வெட்டிய மரத்துக்கான வழக்கைவிட, நிற்கும் மரத்துக்கான தடை விரைவாகவும் உறுதியாகவும் கிடைக்கும்.

அளவையில் மரங்கள் உங்கள் நிலத்தில் நின்றவை என்று தெரிந்தால் மேலே சொன்ன வழக்கு வழியில் செல்லுங்கள். பாதைப் புறம்போக்கு என்று தெரிந்தால், உரிமை கோருவதை அன்றே கைவிட்டு, ஊர்க்காரர் என்ற முறையில் தாசில்தாரிடம் முறையிடுங்கள். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதால் மீதி மூன்றும் உங்கள் பட்டாவில் இருப்பதைவிடப் பாதுகாப்பாக இருக்கக்கூடும். ஆனால் ‘எங்கள் மரம்’ என்றும் ‘அரசு மரம்’ என்றும் இரண்டு இடங்களில் இரண்டு விதமாகச் சொல்லாதீர்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், சமரசமே உங்களுக்கு ஏற்றது. நிலத்தைப் புதிதாக வாங்கியவருக்கும் தகராறற்ற எல்லை தேவை. இருவரும் சேர்ந்து அளந்து கல் ஊன்றுவது, உங்கள் எல்லைக்குள் நின்ற மரங்களின் கட்டை விலையை அவர் கொடுப்பது, நிற்கும் மூன்றையும் தொடுவதில்லை என்று உறுதியளிப்பது ஆகிய மூன்றும் போதும். ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளாமல், தாலுகா சட்டப் பணிகள் குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமமானது, மேல்முறையீடு கிடையாது. பெண் என்ற முறையில் வருமான வரம்பின்றி அங்கே உங்களுக்கு இலவச வழக்கறிஞரும் உண்டு. அவரிடம் போகும்போது கிரயப் பத்திரம், புலப்படம் (நில எல்லையைக் காட்டும் சர்வே வரைபடம்), அளவைக் கட்டண ரசீது ஆகியவற்றோடு, கலெக்டருக்கு எழுதிய அந்த மனுவின் நகலையும் மறைக்காமல் கொண்டுசெல்லுங்கள்.