மாமியின் நாக்கு சரியாகத்தான் சொல்கிறது

கேள்வி: யூடியூப் பார்த்து வேற்று நாட்டு உணவுகளை வீட்டில் செய்து பார்ப்பதில் எனக்குப் பெரிய விருப்பம். தாய்லாந்துப் பச்சைக் கறி, ஹம்முஸ், பாஸ்தா எல்லாம் செய்துவிட்டேன். மெக்சிக்கோச் சோள ரொட்டி மட்டும் தட்டும்போதே உடைகிறது. மாமியோ, "எந்த நாட்டுக் கறி வைச்சாலும் எங்கட கறி மாதிரித்தானே கிடக்கு, பிறகென்னத்துக்குக் காசைக் கரியாக்கிறாய்?" என்கிறார். பெட்டித் தேங்காய்ப்பால், தஹினி, பார்மேசான் சீஸ் எதுவும் எங்கள் பக்கத்துக் கடைகளில் இல்லை. வவுனியாவுக்குப் போனாலும் சிலவேளை வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கிறது. வன்னியில் இருந்துகொண்டு இப்படி ஆசைப்படுவதே பிழையா? எங்கள் பாரம்பரியச் சமையலைக் கைவிடுகிறேனா? பச்சைக் கறி வைத்த முறையையும் இத்துடன் எழுதியனுப்புகிறேன்.
— வாசகி ஒருவர், மாங்குளம்

பதில்: உங்கள் மாமி குறை பிடிக்கவில்லை, சரியாகச் சுவை பார்த்திருக்கிறார். நீங்கள் எழுதியனுப்பிய முறைப்படி, தாச்சியில் எண்ணெய் விட்டு, கடுகும் பெருஞ்சீரகமும் வெடிக்கவிட்டு, வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, கோழியைப் போட்டு, 'காரம் போதாதென்று' இரண்டு கரண்டி வறுத்த தூளும் தூவி, இரண்டாம் பாலில் அவித்து, இறக்கும் நேரத்தில் முதற்பாலை விட்டால் வருவது அசல் வன்னிக் கோழிக்கறி. இடையில் ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழையை அரைத்து ஊற்றியதனால் அது பாங்கொக்குக்குப் போய்விடாது. ஆகவே பழியைக் கடைக்காரர் மேல் போடாதீர்கள். நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதைக் கவனித்த அளவுக்கு, அடுப்படியில் எது முந்தி, எது பிந்தி என்ற ஒழுங்கு மாறுவதை நீங்கள் கவனிக்கவில்லை.

முதற்பால் திரைந்துவிடும் என்று அஞ்சி, நாங்கள் அதைக் கடைசியில் விட்டு, நன்றாகக் கொதிக்குமுன் இறக்குகிறோம். தாய்லாந்தின் பழைய முறையிலோ முதற்பாலைத்தான் முதலில் சட்டியில் விட்டு, அது திரைந்து, நீர் வற்றி, எண்ணெய் தனியாகப் பிரிந்து ஓரங்களில் பொரியத் தொடங்கும்வரை காய்ச்சுவார்கள். பச்சை மிளகாய், உள்ளி, சின்ன வெங்காயம், பேரரத்தை, எலுமிச்சைப்புல், கொத்தமல்லி வேர், புளிக்கவைத்த இறால் விழுது ஆகியவற்றைச் சேர்த்து இடித்த கூட்டு, அப்படிப் பிரிந்த எண்ணெயிலேயே வதங்கும். பச்சை வாடை போன பிறகுதான் இறைச்சியும் இரண்டாம் பாலும் சேரும். கடுகும் இல்லை, வறுத்த தூளும் இல்லை. பெட்டியில் வரும் பாலில் பெரும்பாலும் அது பிரியாமலிருப்பதற்கான சேர்மானங்கள் இருப்பதால், நீங்கள் வவுனியாவரை தேடிப்போன அந்தப் பெட்டியைவிட, வளவில் விழுந்த தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலே இந்த வேலைக்கு உகந்தது. இன்னொன்றும் சொல்லவேண்டும்: கறியின் காரத்தைத் தணிக்க அவர்கள் இடும் இனிப்புத் தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் வருவது, பெட்சபுரி மாகாணம் பனஞ்சீனிக்கே பேர்போன இடம். நீங்களோ சிவப்புச் சீனி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பனங்கூடலுக்கு நடுவில் இருந்துகொண்டு, பனங்கட்டியை விட்டுச் சீனியைத் தேடுவது என்ன கணக்கோ! இறால் விழுது கிடையாதென்றால், நந்திக்கடல் இறாலோ கொக்கிளாய் இறாலோ நன்றாகக் காய்ந்ததை வறுத்து இடித்துச் சேருங்கள்; முழுதாக ஈடாகாது, கிட்ட வரும்.

தஹினி என்பது எள்ளை அரைத்த விழுது, அவ்வளவுதான். எள்ளு விளையும் மண்ணில் அதற்குப் போத்தலைத் தேட வேண்டாம். ஆனால் இங்கும் உங்கள் பழக்கக் கை குறுக்கே வந்திருக்கும்: எள்ளுருண்டைக்கு வறுப்பதுபோல மணம் எழும்ப வறுத்தால் விழுது கசக்கும். ஊறவைத்துத் தேய்த்துத் தோலைக் கழித்து, காயவைத்து, நிறம் மாறுமுன் இறக்கி, எண்ணெய் கக்கும்வரை அரைக்க வேண்டும். கடலையை அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டு, விரலால் நசித்தால் களியாகும் பதத்துக்கு அவித்து, அந்த விழுது, உள்ளி, தேசிக்காய்ப் புளி, உப்பு ஆகியவற்றோடு அரைத்தால் ஹம்முஸ். மிளகாய்த்தூளை உள்ளே போடாதீர்கள். ஆசையென்றால் மேலே தூவிக்கொள்ளுங்கள்.

சோள ரொட்டியில் மாத்திரம் உங்கள் ஆத்திரம் நியாயமானது, ஏனென்றால் அது வெறும் சோளமாவில் வராது. மெக்சிக்கோவில் முற்றிய சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, இரவு முழுதும் ஊறவிட்டு, கழுவி, ஈரமாகவே அரைக்கிறார்கள். சுண்ணாம்பு தோலை இளக்கி, மாவை ஒட்டவைக்கிறது. சோளத்தில் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற உயிர்ச்சத்தையும் உடலுக்குக் கிடைக்கச் செய்கிறது. சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த முறையை விட்டுவிட்ட ஐரோப்பிய ஏழைகளைத்தான் பெலக்ரா நோய் வாட்டியது. இவ்வளவு வேலைக்குப் பொறுமை இல்லாவிட்டால் இந்த ரொட்டியை விட்டுவிடுங்கள். 'ஐந்தே நிமிடத்தில்' என்று காட்டும் காணொளிகள் ஊறவைத்த இரவைக் காட்டுவதில்லை.

பாரம்பரியம் பற்றிய கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. மிளகாய், தக்காளி, கச்சான், மரவள்ளி, பப்பாசி எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வருமுன் இங்கே எந்தக் குசினியிலும் மிளகாய் இருந்ததில்லை. நீங்கள் பாஸ்தா கிண்டுவதால் ஒடியற்கூழுக்கு ஒரு கேடும் வராது.

கடைசியாக, சீஸ். உள்ளியும் எண்ணெயும் மட்டும் போட்டு நேப்பிள்ஸ் நகரத்தார் செய்யும் பாஸ்தாவுக்குச் சீஸ் கட்டாயமே இல்லை. உள்ளியை மெல்லிய சீவலாக்கி, சூடேறாத ஒலிவ் எண்ணெயில் போட்டு, சிறு நெருப்பில் வெளிர் பொன்னிறம் வரும்வரை விட்டு, காய்ந்த மிளகாயை நுள்ளிப் போடுங்கள். காசு செலவழிப்பதென்றால் அந்த எண்ணெயின் சிறு போத்தல் ஒன்றுக்குச் செலவழியுங்கள். நல்லெண்ணெய் விட்டால் தோசை மணம்தான் முந்திக்கொண்டு வரும். பாஸ்தாவை உப்பு நீரில் அவித்தபின் நூடில்ஸைப்போலப் பச்சைத் தண்ணீரில் அலசாதீர்கள். அவித்த நீரில் மாச்சத்துக் கரைந்திருக்கிறது. அதில் அரைக் கோப்பையை எண்ணெயோடு ஊற்றிப் பிரட்டினால்தான் இரண்டும் கூடிக் குழம்பாகிப் பாஸ்தாவைப் பற்றிக்கொள்ளும். சீஸ் வாங்க வசதியில்லாத தென் இத்தாலியக் குடும்பங்கள் அதற்குப் பதிலாகப் பழைய பாணை உதிர்த்து, எண்ணெயில் மொறுமொறுவென வறுத்து மேலே தூவின. முதல் நாள் பாண் மாங்குளத்தில் எந்த வீட்டிலும் மிஞ்சும்.