ஹெட்டில் துளை போடத்தான் வேண்டுமா?

கேள்வி: செவ்ரோலேயின் பழைய 400 வி8 கார் எஞ்சினின் பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பகுதி) 350 எஞ்சினின் ஹெட்டை (சிலிண்டர்களை மேலே மூடும் பகுதி) மாட்டினால் ஹெட்டில் துளை போட்டே ஆகவேண்டும் என்கிறார்களே, போல்ட் எல்லாம் சரியாகத்தானே உட்காருகிறது?

பதில்: உட்காரும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1970-இல் வந்த அந்த 400-இல் சிலிண்டர்களைப் பெரிதாக்கியதில் பக்கத்துப் பக்கத்துச் சுவர்கள் ஒட்டிக்கொண்டன, நடுவே தண்ணீர் ஓட வழியில்லை. அங்கே கட்டிக்கொள்ளும் நீராவி ஹெட்டுக்குள் ஏறிப்போகத்தான் பிளாக்கின் மேல்பரப்பில் சின்னச் சின்னத் துளைகள். 350 ஹெட்டில் அவை கிடையாது, பானைக்குத் தட்டு போட்டு மூடிய மாதிரி ஆகிவிடும். 400-க்கான கேஸ்கெட்டையே (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் அடைப்புத் தகடு) ஹெட்டின்மேல் வைத்துக் குறித்துக்கொண்டு, சுமார் 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டால் துளை போடுங்கள். சில துளைகளைச் சாய்த்து இறக்கினால்தான் ஹெட்டுக்குள் இருக்கும் தண்ணீர் அறையில் போய்ச் சேரும். அப்புறம், துளைத்த இரும்புத்தூளை ஒழுங்காகக் கழுவாமல் மாட்டிவிடாதீர்கள்.