போட்டில் ஃபிரிட்ஜ் குளிரவில்லையா? கேட்டவர்களுக்குப் பதில்

வீல் ஹவுஸில் (போட்டை ஓட்டும் அறையில்) பேட்டரியில் ஓடும் சின்ன ஃபிரிட்ஜ் பற்றி மட்டும் கேளுங்கள்.

வள்ளவிளை: அண்ணே, இன்ஜின் ஓடும்போது ஃபிரிட்ஜ் நல்லா குளிருது. இன்ஜினை நிறுத்தினா கம்ப்ரசர் எடுக்கப் பார்த்து நின்னுடுது. கேஸ் போயிட்டா?

கேஸ் போகவில்லை, தம்பி. போயிருந்தால் இன்ஜின் ஓடும்போதும் குளிராது. இன்ஜின் நின்றால் சார்ஜ் நின்று வோல்ட் இறங்கும். உங்கள் போட்டில் 24 வோல்ட்தானே? டேன்ஃபாஸ் பிடி35 கம்ப்ரசரின் எலெக்ட்ரானிக் யூனிட் (அதை இயக்கும் சின்னப் பெட்டி), வோல்ட் 22.8க்குக் கீழே இறங்கினால் தானாகவே நிறுத்திவிடும். திரும்ப 24.2 வந்தால்தான் எடுக்கும். 12 வோல்ட் படகு என்றால் 10.4இல் நிற்கும், 11.7இல் எடுக்கும்.

மீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்துவிட்டு "25 இருக்கே" என்று சொல்லாதீர்கள். யூனிட்டின் பிளஸ் மைனஸ் முனையில், கம்ப்ரசர் எடுக்கும் அந்த நொடியில் வைத்துப் பாருங்கள். பேட்டரியில் நன்றாக இருந்து இங்கே 22தான் வருகிறது என்றால், நடுவில் பச்சை பூத்த லக் (வயர் முனையில் மாட்டும் வளையம்), ஃபியூஸ் ஹோல்டர், மெல்லிய வயர், இதில் ஏதோ ஒன்று வோல்ட்டைத் தின்கிறது. உப்புக்காற்றில் முதலில் போவது அந்த முனைகள்தான். 24 வோல்ட்டில் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டர் வரைதான் இழுக்கலாம், 12 வோல்ட்டில் அதில் பாதி. வீடு கட்டியபோது மிஞ்சிய வயரைப் போட்டிருந்தால் கழற்றி எறியுங்கள். பேட்டரியிலேயே வோல்ட் விழுந்தால் பேட்டரியைப் பாருங்கள்.

கொல்லங்கோடு: யூனிட்டில் சிவப்பு லைட் அஞ்சு தடவை மின்னுது.

யூனிட் சூடாகிவிட்டது. ஃபிரிட்ஜ் பின்னால் ரெயின்கோட்டும் கயிறும் திணித்திருப்பீர்கள், எடுங்கள். சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் தூசியைத் தட்டுங்கள். ஒரு மின்னல் வோல்ட் குறைவு, இரண்டு என்றால் ஃபேன் கோளாறு, மூன்று என்றால் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை, நான்கு என்றால் வேகம் எடுக்கவில்லை. மூன்று வந்தால் ஸ்விட்சை அணைத்து, உள்ளே அழுத்தம் சமமாகக் கொஞ்ச நேரம் விட்டுப் போட்டுப் பாருங்கள்.

தூத்தூர்: கேஸ் அடிக்க எவ்வளவு ஆகும்?

முதலில் வோல்ட் பாருங்கள்.

நீரோடி: வோல்ட் சரி, கம்ப்ரசர் நிக்காம ஓடுது. உள்ளே குளிர்ற தட்டில ஒரு மூலையில மட்டும் பனி.

இதுதான் கேஸ் குறைவு. சோப்பு நுரை வைத்துக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்த பிறகே நிரப்ப வேண்டும். இந்த ஃபிரிட்ஜுக்கான ஆர்134ஏ கேஸ், ஃபிரிட்ஜின் பெயர்த்தகட்டில் எழுதிய கிராம் அளவு, தராசு வைத்து. கூடினாலும் குளிராது.

சின்னத்துறை: ஸ்ராங்கு (போட்டை ஓட்டுறவர்) ஃபிரிட்ஜில இன்சுலின் வைக்கணும்னு சொல்றாரு.

தட்டை ஒட்டி வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது.

பூத்துறை: குளிரல, கேஸ் அடிக்கலாமா?

வள்ளவிளைத் தம்பிக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வாருங்கள்.

குளச்சல்: ஐஸ் பிளான்ட் அமோனியா வாடை...

அது என் வேலை இல்லை. பிளான்ட் ஆபரேட்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மார்த்தாண்டந்துறை: சமையல் கேஸ் நிரப்பினா செலவு கம்மி. எங்க போட்டில நல்லாவே குளிருது. ஃபிரிட்ஜில அதைப் போடக் கூடாதுன்னு ஏன் பயமுறுத்துறீங்க?

குளிரும், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அடித்தட்டில் போய்த் தேங்கும். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் இருப்பது அங்கேதான். ஒரு பொறி போதும்.

முனம்பத்திலிருந்து ஒருவர்: வீட்டு ஃபிரிட்ஜில் ஆர்600ஏ கேஸ் போடுறாங்களே, அதுவும் எரியுமே?

எரியும். ஆனால் அந்த ஃபிரிட்ஜை அதற்கென்றே செய்கிறார்கள்; பொறி வராத சுவிட்ச், கொஞ்சமே கேஸ். வீட்டுக்குக் கதவு ஜன்னல் உண்டு. ஆர்134ஏவுக்குச் செய்த கம்ப்ரசரில், மூடிய படகுக்குள் சிலிண்டர் கேஸை நிரப்புவது வேறு. சிலிண்டரில் புரொப்பேனும் பியூட்டேனும் எந்த விகிதத்தில் இருக்கிறதென்றும் தெரியாது. புரொப்பேன் அழுத்தம் ஆர்134ஏவைவிட அதிகம்.

மார்த்தாண்டந்துறை: நிரப்பியாச்சு. மறுநாள் கடலுக்குப் போகணும்.

இப்போதே ஃபியூஸைக் கழற்று, மக்கா. ஃபிரிட்ஜைக் கரையில் இறக்கு. தெரிந்த ஆள் திறந்த வெளியில் கேஸை வெளியேற்றி, ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்றி, வாக்குவம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து) ஆர்134ஏ நிரப்பட்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் இந்தப் பயணத்துக்கு ஐஸ் பெட்டி கொண்டு போ.