ஐரோப்பாவில் ஜப்பானியச் சமையல் பொருள்கள்: புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: ஒசாகாவில் 4 ஆண்டுகள் வசித்துவிட்டுச் சென்ற ஆண்டு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்குக் குடிபெயர்ந்தோம். பிள்ளைகளுக்கு மிசோ என்னும் நொதித்த சோயா விழுதில் செய்த சூப்பும் அந்த ஊர்ச் சோறும் இல்லாமல் சாப்பாடு இறங்குவதில்லை. இங்குள்ள ஆசியக் கடையில் ஒவ்வொன்றும் யானை விலை. ஜப்பானிலிருந்தே இணையம் வழியாகத் தருவிப்பது இலாபமாக இருக்குமா? எவற்றை இங்கேயே வாங்கலாம்?

பதில்: தருவிப்பதற்கு முன், உங்களுக்கு வேண்டிய பொருள்களில் எவை உண்மையிலேயே ஜப்பானிலிருந்து கப்பலேறி வருகின்றன என்று பாருங்கள். பல அப்படி வருவதில்லை. ஜெர்மன் பேரங்காடிகளில் கிடைக்கும் கிக்கோமன் சோயா சாஸ், 1997 முதல் நெதர்லாந்தில் இயங்கும் அந்த நிறுவனத்தின் ஆலையில் சோயா, கோதுமை, உப்பு, நீர் ஆகியவற்றைக் கொண்டு நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுவது. அன்றாடச் சமையலுக்கு அதற்கு மேல் தேவையில்லை. இந்த நான்கு பொருள்களோடு நிற்காமல், நீராற்பகுக்கப்பட்ட தாவரப் புரதம், கேரமல் நிறமி, சர்க்கரைப் பாகு என்று பட்டியல் நீளும் மலிவுப் புட்டிகளைத் தவிர்த்துவிடுங்கள். உசுகுச்சி எனப்படும் வெளிர்நிறச் சாஸ் மட்டும் ஆசியக் கடையில்தான் கிடைக்கும்; நிறம் குறைவென்று தாராளமாக ஊற்றிவிடாதீர்கள், வழக்கமான சாஸைவிட அதில் உப்பு அதிகம்.

அரிசியிலும் இதே கதைதான். பேரங்காடியில் ‘சுஷி அரிசி’ என்று அரைக் கிலோப் பொட்டலத்தில் விற்பது, பெயருக்காக விலை கூட்டப்பட்ட உருண்டை அரிசியே. இத்தாலியில் விளையும் ஜப்பானிய வகை அரிசி ஆசியக் கடைகளில் 5 அல்லது 10 கிலோப் பைகளில் கிடைக்கிறது. கிலோக் கணக்கில் பார்த்தால் வேறுபாடு கண்கூடாகத் தெரியும். அதுவும் கிடைக்காத நாளில், பால் பாயசத்துக்கென்று ஜெர்மானியர் வாங்கும் ‘மில்ஷ்ரைஸ்’ அரிசியை நன்றாகக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடாமல் சமைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் வாழும் ஜப்பானியக் குடும்பங்கள் பல காலமாகக் கையாளும் உத்தி இது. மணம் சற்றுக் குறையும், ஒட்டும் பதம் வந்துவிடும்.

மிசோவுக்கு ஆசியக் கடையைவிட இயற்கை உணவுக் கடைகளையே நான் பரிந்துரைப்பேன். மிசோ, தமாரி என்னும் சோயா சாஸ் வகை, உமெபோஷி என்னும் உப்பிட்ட பழம் ஆகியவை இக்கடைகளின் அலமாரிகளில் நெடுநாளாக இடம்பெற்றிருக்கின்றன. சூடாக்கிக் கிருமி நீக்கம் செய்யாத மிசோவும் அங்கே கிடைக்கும். குளிர்பெட்டியில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்பதால் பெரிய பொதியாகவே வாங்கலாம். அதே கடையில் கொம்பு கடற்பாசி வாங்கும்போது மட்டும் கவனம் தேவை. பிரான்சின் பிரித்தானிக் கடற்கரையிலிருந்து வரும் ‘கொம்பு’ வேறு இனத்தைச் சேர்ந்தது. ஜப்பானின் ஹொக்கைடோத் தீவுக் கொம்பு தரும் சாறு அதில் இறங்காது. இந்த ஒன்றுக்கு ஜப்பானியப் பொதியைத் தேடிப் பணம் செலவழிப்பது தகும். எந்தக் கொம்புவிலும் அயோடின் மிகுதி. வீட்டில் தைராய்டு சிக்கல் உள்ளவர்கள் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதிகம் ஏமாறும் இடம் மிரின் என்னும் இனிப்பான சமையல் மது. உண்மையான ‘ஹொன்மிரின்’ பசையரிசி, கோஜி என்னும் பூஞ்சை ஏற்றிய அரிசி, வடித்த மது ஆகியவற்றைச் சேர்த்துப் பல வாரங்கள் ஊறவைத்துச் செய்யப்படுவது. ஏறத்தாழ 14 விழுக்காடு மதுசாரம் கொண்டது. ஜப்பானில் மதுவரிக்கு உட்பட்டது. அந்த வரியைத் தவிர்க்கவே ‘மிரின் பாணிச் சுவையூட்டி’ என்ற ஒன்று உருவானது: 1 விழுக்காட்டுக்கும் குறைவான மதுசாரம், மீதியில் பெரும்பகுதி குளுக்கோஸ் பாகு. இரண்டும் ஒரே நிறம், ஒரே வடிவப் புட்டி, முன்பக்கத்தில் ‘மிரின்’ என்ற ஒரே சொல். உட்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில்தான் எழுதப்பட வேண்டும் என்பதால், முதலிடத்தில் பாகு நிற்கும் புட்டிக்கு ஹொன்மிரினின் விலையைக் கொடுக்காதீர்கள். பாகு வேண்டுமென்றால் வீட்டில் சர்க்கரை இருக்கிறது: ஒரு மேசைக்கரண்டி சாகே என்னும் அரிசி மதுவுடன் ஒரு தேக்கரண்டி சர்க்கரை கரைத்தால், அந்தப் போலியைவிட நல்ல மிரின் உங்கள் கிண்ணத்திலேயே உருவாகிவிடும். ‘சமையல் சாகே’ வாங்கினால் அதில் உப்பு சேர்க்கப்பட்டிருக்கும். குடிக்க முடியாததாக்கி மதுவரியிலிருந்து விடுபடும் ஏற்பாடு அது. சமையலில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கட்சுவோபுஷியின் கதை வேறு. புகையிட்டு உலர்த்திய இந்த மீனில் படியும் பென்சோபைரீன் என்னும் புகைநச்சுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு விதித்துள்ளது. 2015இல் கட்சுவோபுஷிக்கென்றே கிலோவுக்கு 5 மைக்ரோகிராம் என்று தளர்த்திய பிறகும், மரபு முறையில் புகையிட்ட ஜப்பானியச் சரக்கு அதற்குள் அடங்குவது எளிதன்று. ஆகவே ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்பெயினின் வீகோவிலும் பிரான்சின் கொங்கார்னோவிலும் ஆலை அமைத்து இங்கேயே செய்கின்றன. பொதியில் இந்த ஊர்ப் பெயர்களைக் கண்டு போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். இலங்கைத் தமிழர் கடையில் மாசிக் கருவாடு கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் சூரை மீன்தான். வேகவைத்து, புகையிட்டு, உலர்த்துவது வரை முறையும் ஒன்றே. உயர்தரக் கட்சுவோபுஷிக்கு அதன் பிறகு பூஞ்சை ஏற்றிப் பல மாதம் பதப்படுத்துவார்கள். மாசியில் கருவாட்டு வாடை முந்திக்கொண்டு வரும். காரசாரமான சம்பலுக்கு அது அழகு, டாஷி என்னும் தெளிந்த அடிப்படைச் சாற்றுக்கு அழகல்ல.

இனி உங்கள் முதல் கேள்வி. 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வரும் பொதிகளுக்கு முன்பிருந்த 22 யூரோ விலக்கு நீங்கிவிட்டது. சிறு பொதிக்கும் விற்பனை வரி உண்டு, அஞ்சலகம் தன் பங்குக்குக் கையாளும் கட்டணமும் கேட்கும். மிரின், சாகே போன்றவற்றுக்கு மது மீதான தீர்வையும் தனியாக வரலாம். இறைச்சியோ பாலோ கலந்த உணவுப் பொருள்களைத் தனியார் பொதியில் அனுப்பினால் எல்லையிலேயே அழிக்கப்பட நேரலாம். கனமான புட்டிகளுக்கு அனுப்புச் செலவே பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே சாஸையும் அரிசியையும் தருவிக்காதீர்கள். கொம்பு, நோரி என்னும் கடற்பாசித் தாள், உலர் ஷீட்டாகே காளான் போன்ற எடையற்றவற்றை மட்டும், ஊருக்குப் போய்வரும் நண்பர் பெட்டியில் இடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கொரு முறை டுசல்டோர்ஃப் பக்கம் போக நேர்ந்தால் இம்மர்மான் தெருவுக்குச் சென்று வாருங்கள். ஜப்பானியர் பெருமளவில் குடியிருக்கும் நகரம் அது. அங்குள்ள கடைகளில் சரக்கு வேகமாக விற்றுப்போவதால் பழையது கையில் கிடைக்கும் அபாயம் குறைவு.

சுஷியுடன் தொட்டுக்கொள்ளும் காரமான பச்சை விழுதான வசாபிக்காக அலையவும் வேண்டாம். குழாயில் விற்கும் மலிவான வசாபியில் பெரும்பங்கு பச்சை நிறமேற்றிய குதிரை முள்ளங்கிதான். அதே முள்ளங்கியை ஜெர்மானியர் வெள்ளையாகவே அரைத்துப் புட்டியில் நேர்மையாக விற்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். ஜப்பானிய எழுத்து தெரியாத நிலையில், பொருளில் மீன் கலந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் பொதியில், அந்நாட்டவர் புரிந்துகொள்ளும் மொழியில் உட்பொருள் ஒட்டுச்சீட்டு இருந்தாக வேண்டும். ஒவ்வாமை தரும் 14 பொருள்களைத் தடித்த எழுத்து போன்ற ஏதேனுமொரு முறையில் தனித்துக் காட்டவும் வேண்டும். மீன் அவற்றுள் ஒன்று. எனவே ‘ஃபிஷ்’ என்ற ஜெர்மன் சொல் அந்தச் சீட்டில் தனித்துத் தெரிந்தால் வைத்துவிடுங்கள். டாஷி கலந்த மிசோ, நூடுல்ஸ் சாறு, டாஷித் தூள் ஆகியவற்றில் பெரும்பாலும் அது இருக்கும். இறைச்சி அந்த 14இல் இல்லாததால் முழுப் பட்டியலையும் படித்தாக வேண்டும். குறிப்பாக, ஜப்பானில் விற்கும் கறி ரூ கட்டிகள் (குழம்புக்கான மசாலாக் கட்டிகள்) பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் உண்டு. அதே பெயரில் ஏற்றுமதிக்கென்று செய்யப்படுபவற்றில் பல தாவர எண்ணெய் கொண்டவை. நண்பர் கொண்டுவந்து தந்த பெட்டியும் கடையில் வாங்கிய பெட்டியும் ஒன்றென்று நினைத்துவிடாதீர்கள். டாஷிக்கு, ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் கொம்புவையும் இரண்டு உலர் ஷீட்டாகேயையும் இரவு முழுதும் ஊறவைத்து, மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் கொம்புவை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய நோரிப் பொதியில் 26.03.10 என்று அச்சாகியுள்ளது. 2010ஆம் ஆண்டுச் சரக்கையா விற்கிறார்கள்?

பதில்: இல்லை. ஜப்பானில் ஆண்டு முதலில் வரும். நீங்கள் படித்தது 2026 மார்ச் 10. அதன் முன் ‘ஷோமி கிகென்’ என்றிருந்தால் அதுவரை சுவை குன்றாது என்பதே பொருள், மறுநாளே நஞ்சாகிவிடாது. ‘ஷோஹி கிகென்’ என்றிருந்தால் அந்த நாளுக்குப் பிறகு உண்ணக்கூடாது. கடைக்காரர் ஒட்டிய சீட்டிலுள்ள நாளும் அச்சிலுள்ள நாளும் வேறுபட்டால் அச்சில் உள்ளதையே நம்புங்கள். தேதியை மறைத்துச் சீட்டு ஒட்டியிருந்த ஒரு பொதியை நானே ஒருமுறை வாங்கி வந்து, வீட்டில் உரித்துப் பார்த்துவிட்டு, பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெற்றேன்.