பீமேஸ்வரி முகாமின் கணக்கு நோட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

காவிரி பற்றிய உங்கள் கட்டுரையில் கர்நாடகத்தின் பீமேஸ்வரி மீன்பிடி முகாமை மரியாதையோடு குறிப்பிட்டிருந்தீர்கள். போன மாதம் குடும்பத்தோடு அங்கே போய்வந்தேன். இப்போது கயிற்றில் தொங்குகிற விளையாட்டுகளும் பரிசல் சவாரியும்தான். பரிசல் ஓட்டிய பெரியவர், "முன்னெல்லாம் வெள்ளைக்காரங்க வந்து தங்கி மீன் பிடிப்பாங்க, போட்டோ எடுத்துட்டு ஆத்துலயே விட்டுடுவாங்க" என்றார். சாப்பிடப் பிடிப்பது எனக்குப் புரிகிறது. ஓர் உயிரைத் தூண்டிலில் மாட்டி, இழுத்து விளையாடிவிட்டு விடுவது வேட்டைக்கார துரைகளின் மிச்சம்தானே? அதில் மரியாதைக்கு என்ன இருக்கிறது?

மு., தருமபுரி

அன்புள்ள மு.,

துரைகளின் மிச்சம் என்று நீங்கள் சொல்வது சரிதான். மைசூர்க் காடுகளில் புலிக்கும் யானைக்கும் துப்பாக்கியோடு வந்தவர்கள்தான் காவிரிக்கும் கபினிக்கும் மஹ்சீர் என்ற பெரிய ஆற்றுமீனைத் தேடித் தூண்டிலோடு வந்தார்கள். 1919-இல் ரிவெட்-கார்னாக் என்ற ராணுவ அதிகாரி காவிரியில் 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946-இல் கபினியில் டி வெட் வான் இங்கன் பிடித்தது 120 பவுண்டு, நம் கணக்கில் 54 கிலோ. மகாராஜாக்கள் சுட்ட புலிகளைப் பாடம் செய்துகொடுத்த மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். வேட்டையும் தூண்டிலும் ஒரே வீட்டுச் சமாச்சாரம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அந்தக் காலத்துப் பெரிய மீன்கள் பெரும்பாலும் உயிரோடு ஆற்றுக்குத் திரும்பவில்லை.

அப்புறம் சுதந்திரம் வந்தது, துரைகள் போனார்கள். மீனுக்கு விடிவு வரவில்லை. ஆற்றில் தோட்டா, அதாவது வெடி, போட ஆரம்பித்தார்கள். ஒரு தோட்டா வெடித்தால் மடுவில் இருக்கிற அத்தனையும், குஞ்சு உட்பட, செத்து மிதக்கும். அதில் கைக்கு எட்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு போவார்கள். 1970-களில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் பலர் இந்தப் பெரிய மஹ்சீர் அழிந்தே போய்விட்டது என்று நம்பினார்கள். 1977-இல் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் அதைத் தேடி இந்தியா வந்தார்கள். பல ஆறுகள் அலைந்து, கடைசியில் காவிரியில் கண்டுபிடித்தார்கள். மறு ஆண்டு அவர்களில் ஒருவர் பிடித்தது 92 பவுண்டு. செய்தி பரவியது, ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

நான் மரியாதை வைத்திருப்பது இதற்குப் பிறகு நடந்ததன் மேல். 1972-இல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு நீளத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. கர்நாடக அரசு 1980-இல் ஜங்கிள் லாட்ஜஸ் என்ற சுற்றுலா நிறுவனத்தைத் தொடங்கியது. கபினிக் கரையில் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகை அதன் விடுதியானது. இளமையில் வேட்டைக்காரராக இருந்த கர்னல் ஜான் வேக்ஃபீல்ட்தான் பல பத்தாண்டுகள் அதன் முகமாக இருந்தார். அந்த நிறுவனத்தின் மீன்பிடி முகாம்தான் பீமேஸ்வரி. தொட்டமாக்கலி, கலிபோரே என்று மேலும் இரண்டு முகாம்கள் அதே கரையில் உண்டு. அப்போது விதி ஒன்றுதான்: பிடித்த மீனை எடை போட்டுவிட்டு உயிரோடு விடவேண்டும்.

அங்கே காவலுக்கும் வழிகாட்டவும் வேலைக்கு வைத்தவர்களில் பலர் முன்பு தோட்டா போட்டவர்கள், திருட்டு வலை வீசியவர்கள். எந்த மடுவில் மீன் நிற்கும், தண்ணீர் ஏறினால் எங்கே ஒதுங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ராகி மாவை வேகவைத்து, பிசைந்து, எலுமிச்சை அளவுக்கு உருட்டித் தூண்டிலில் கோர்ப்பது அவர்கள் கைவேலை. பரிசலும் அவர்களுடையது. செத்த மீனை விற்றால் ஒருமுறை காசு. அதே மீன் உயிரோடு இருந்தால் வருஷா வருஷம் சம்பளம். ஆற்றங்கரையில் இரவும் பகலும் ஆள் இருந்ததால் தோட்டா குறைந்தது. அந்த மனிதர்கள் எந்தத் தத்துவத்துக்காகவும் மாறவில்லை, பிழைப்புக்காக மாறினார்கள். எனக்கு அது போதும்.

மீனுக்கு வலிக்காதா என்பீர்கள். வலிக்கும், சந்தேகமே இல்லை. அதை இல்லையென்று சொல்லிப் பூசி மெழுக நான் தயாராக இல்லை. ஆனால் அந்த மடுவில் அப்போது மீனுக்கு இருந்த இன்னொரு தலைவிதி தோட்டாதான்.

முகாம் விட்டுச்சென்ற இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு அது மிக முக்கியம். கலிபோரேயில் ஒரு பதிவு வைத்திருந்தார்கள்: எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன் கிடைத்தது, எவ்வளவு எடை. 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். 23,620 மணி நேரம், 6,161 மஹ்சீர். மொத்தத்தில் பார்த்தால் மீன் பெருகியிருந்தது. ஆனால் பெருகியதெல்லாம் நீலத்துடுப்பு மஹ்சீர். அது காவிரியின் மீன் அல்ல. 1970-களிலிருந்து லோனாவாலாவில் டாட்டா நிறுவனத்தின் குஞ்சுப் பண்ணையில் வளர்த்து, நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து விட்டது. துரைகள் தேடி வந்த கூன்முதுகு மஹ்சீரோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. கிடைத்த சிலவற்றின் எடை மட்டும் கூடியது. அதாவது கிழட்டு மீன்கள் மிஞ்சியிருந்தன, குஞ்சுகள் வரவில்லை.

மீனைப் பெருக்குவதாக நினைத்து அந்நிய மீனை ஆற்றில் விட்டது பெரிய தவறு என்றே நினைக்கிறேன். முகாம்களும் அதை வரவேற்றன. ஆனால் அந்தத் தவறு நமக்குத் தெரியவந்தது முகாமின் நோட்டால்தான். எனக்குத் தெரிந்து அந்த ஆற்றில் வேறு யாரும் மீனை இப்படி எண்ணிக்கொண்டிருக்கவில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் தூண்டில்காரர்கள் பேசிய அந்தக் கூன்முதுகு மீன் என்ன இனம் என்பது 2018-இல்தான் உறுதியானது: கேரளப் பாம்பாற்றிலிருந்து முன்பே விவரிக்கப்பட்டிருந்த டோர் ரெமாதேவி. அதே ஆண்டு அது மிக அருகிய இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பாம்பாறு நம் அமராவதியில் சேர்வது, அமராவதி காவிரியில். நம் மோயாற்றிலும் அது மிஞ்சியிருக்கிறது.

சரி, முகாமில் மீன்பிடிப்பு ஏன் நின்றது? காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்று காட்டுயிர்ச் சட்டத்தை வைத்துத் தடை வந்தது. 2012-க்குப் பிறகு கலிபோரேயில் பதிவு இல்லை. சட்டத்தின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் ஒரே அளவுகோல் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தடை போட்டவர்கள் கரையில் உட்கார்ந்திருந்த ஆட்களுக்கு மாற்று யோசித்திருக்கவேண்டும். எண்ணுவதையாவது தொடர்ந்திருக்கலாம். அதே ஆட்களை வைத்து வனத்துறையே செய்திருக்கலாம், பெரிய செலவும் இல்லை. கயிற்று விளையாட்டுக்கு வருகிறவருக்கு ஆற்றில் என்ன மீன் இருந்தாலும் ஒன்றுதான்.

இன்னொரு கவலையும் உண்டு. மேகதாட்டில் அணை வந்தால் கலிபோரே உட்பட இந்த ஆற்றுநீளத்தில் பெரும்பகுதி நீரில் மூழ்கும். தமிழ்நாட்டில் நாம் இதை டி.எம்.சி. கணக்காக மட்டுமே பேசுகிறோம். அந்தப் பேச்சு தேவைதான். ஆனால் ஓடுகிற தண்ணீரும் பாறை மடுவும் இல்லாமல் கூன்முதுகு மஹ்சீருக்கு வாழ்வில்லை என்பதும் நம் வாதத்தில் வரவேண்டும். இதுவரை அது போதுமான அளவு வரவில்லை.

நீங்கள் தருமபுரிக்காரர். ஒகேனக்கல் உங்களுக்குப் பக்கம். அங்கே வயதான பரிசல்காரர்களிடம், முதுகு உயர்ந்து, துடுப்பு செம்மஞ்சளாக இருக்கும் பெரிய மீனைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், அதற்கு அவர்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டு எழுத முடியுமா? எந்த வருஷம், எந்த இடம், மீன் எவ்வளவு பெரிது என்று அவர்கள் சொல்கிறபடியே எழுதி அனுப்புங்கள். இந்த மீனை ஆராய்கிறவர்களுக்கு நான் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்.