பிள்ளைக்கு மாறி மாறித் தடிமன், டே கெயாரை நிறுத்திவிடவா? காரைதீவுத் தங்கச்சிக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

காரைதீவிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், 16 மாத மகனை 6 கிழமைக்கு முன் டே கெயார் என்ற பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் சேர்த்ததிலிருந்து நான்கு முறை தடிமனும் காய்ச்சலும் ஒரு முறை வயிற்றோட்டமும் வந்துவிட்டன என்றும், வேலைத்தலத்தில் மேற்பார்வையாளர் முகம் சுளிக்கிறார், ஊரிலிருந்து மாமி நாளாந்தம் தொலைபேசியில் ஏசுகிறார் என்றும் எழுதி, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வீட்டில் இருப்பதா என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளை உறங்கிய பிறகும் உங்களுக்கு உறக்கம் வருவதில்லை என்பதைக் கடைசியில் ஒரு வரியாக மட்டும் சேர்த்திருந்தீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு பதிலைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

நான் 1998 இல் கனடா வந்தவள். என் மூத்த மகளை டே கெயாரில் விட்டுத் தொழிற்சாலைக்குப் போனவள். பிறகு படித்து, ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் கைக்குழந்தைகளின் அறையில் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் வேலை செய்துவருபவள். ஆகவே கதவின் இரண்டு பக்கமும் நின்ற அனுபவத்தில் சொல்கிறேன்: நோய்க்குப் பயந்து டே கெயாரை நிறுத்த வேண்டாம். 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆண்டில் 8 முதல் 10 தடவை தடிமன் வருவது கனடாவில் இயல்பென்றே பிள்ளை வைத்தியர்கள் கொள்கிறார்கள். பல பிள்ளைகள் கூடும் இடத்துக்கு முதன்முதலாகப் போகும் பிள்ளைக்கு, அதுவும் மாரிகாலத்தில், அவை நெருங்கி நெருங்கி வரும். ஒன்று மாறுமுன் அடுத்தது தொடங்குவதால் பிள்ளை எப்போதும் நோயில் கிடப்பது போலத் தோன்றும். வீட்டிலேயே வளர்ந்த பிள்ளைக்கு இதே தடிமன்கள் பாடசாலைக்குப் போகும்போது வரும். மகன் விளையாடுகிறான், குடிக்கிறான், நிறை ஏறுகிறது என்றால் மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், சிறுநீர் குறைந்து சோர்ந்து கிடந்தால் காத்திருக்க வேண்டாம். 811 என்ற இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைத்துத் தாதியோடு பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மூச்சுத் திணறினால் அவசர உதவிக்கு 911.

இதை நான் மட்டக்களப்பு ஆரையம்பதியில் என் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். பொங்கலுக்கு வந்தேன், மழை இன்னும் விடவில்லை. என் தங்கையின் மகளுக்கு 11 மாதத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள். அவளுக்கும் இப்போது தடிமன்தான், மூக்கு ஒழுகியபடிதான் தவழ்கிறாள், ஆனால் இந்த வீட்டில் யாரும் கலங்கவில்லை. காலையில் அம்மம்மா தூக்கி வைத்திருந்தார், பிறகு பெரியம்மா, பின்னேரம் பக்கத்து வளவுச் சின்னம்மா. தாய் மத்தியானம் இரண்டு மணித்தியாலம் நிம்மதியாக உறங்கி எழும்பினாள். நம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பதும், வீடு வளவு பெண்பிள்ளைக்கே போகும் என்பதும், குடி என்ற குலம் தாய்வழியில் வரும் என்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஆனால் அந்த வழக்கம் பிள்ளை பெற்றவளுக்கு எவ்வளவு பெரிய காவல் என்பதை நான் வெளிநாடு போன பிறகுதான் உணர்ந்தேன். நேற்று எண்ணிப் பார்த்தேன்: விடிந்ததிலிருந்து இரவு வரை அந்தக் குழந்தை ஒன்பது பேரின் இடுப்பில் இருந்திருக்கிறாள்.

உங்கள் வீட்டில் அந்த ஒன்பது பேரின் வேலையை நீங்களும் கணவரும் மட்டும் செய்கிறீர்கள். மகனுக்கு வந்த நோய் பெரிதல்ல. அதைத் தாங்குகிற ஆட்கள் குறைந்துவிட்டதுதான் உங்களை இவ்வளவு வாட்டுகிறது. அதனால்தான் உங்கள் கேள்விக்குப் பிள்ளையின் உடம்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு முடிக்க எனக்கு இயலவில்லை.

முதலில் ஊசி விடயம். ஊரிலிருந்து கொண்டுவந்த கிளினிக் கொப்பியைக் குடும்ப வைத்தியரிடம் காட்டினீர்களா? இலங்கையில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான முதல் ஊசி 9 மாதத்தில் போடப்படுகிறது; அடுத்தது 3 வயதில். கனடாவிலோ முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் சேராது. அதாவது, கொப்பியில் ஊசி போட்டதாக இருந்தாலும் அந்த நாட்டுக் கணக்கில் உங்கள் மகன் இன்னும் அந்த ஊசி போடாத பிள்ளை. 2025 இல் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் சின்னமுத்து பெருமளவில் பரவியது என்பதால் இதை நாளைக்கு என்று விடாதீர்கள். கொப்புளிப்பான் ஊசியும் ஒன்ராறியோவில் 15 மாதத்தில் இலவசமாகப் போடப்படுகிறது, அதையும் கேளுங்கள். நம் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடி வந்து நிறை பார்த்து, திகதி சொல்லிவிட்டுப் போவார். கனடாவில் அப்படி யாரும் படலையைத் திறந்து வரமாட்டார்கள். நாம்தான் நேரம் எடுத்துப் போக வேண்டும்.

அடுத்தது மருந்து. ஊரில் பனடோல் பாணியில் 5 மில்லிலீற்றருக்கு வழக்கமாக 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். கனடாவில் அதே மருந்து டைலனோல் என்ற பெயரில் கிடைக்கிறது. அதில் கைக்குழந்தைத் துளிமருந்து மிகவும் செறிவானது: ஒரு மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம். ஊர்ப் பழக்கத்தில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் கொடுத்துவிட்டால் 400 மில்லிகிராம் போய்விடும். 10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்தான் அளவு. போத்தலோடு வரும் ஊசிக்குழாயால் மட்டும், பிள்ளையின் நிறையைப் பார்த்து அளந்து கொடுங்கள். கடையில் விற்கும் இருமல், தடிமன் பாணிகளை 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்பது கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் அறிவுறுத்தல். வயிற்றோட்டத்துக்கு நாம் ஜீவனி கரைத்துக் கொடுப்பது போல கனடாவில் பீடியலைட் கிடைக்கும்.

இனி நான் சொல்லப் போவது என் பிழை. மகளுக்கு 2 வயது இருந்தபோது ஒரு நாள் விடியற்காலை காய்ச்சல் இருந்தது. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் விட்டிருந்தேன். டைலனோல் கொடுத்து, உடம்பு குளிர்ந்ததும் கூட்டிக்கொண்டு போய், "காலையில் மருந்து ஏதும் கொடுத்தீர்களா?" என்று கேட்ட ஆசிரியையிடம் இல்லை என்று சொன்னேன். பத்து மணிக்கு மருந்தின் வேகம் குறைய, காய்ச்சல் ஏறி, பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது, மருந்து கொடுத்ததாலோ கொடுக்காததாலோ அது வருவதில்லை என்று பிறகு வைத்தியர் விளக்கினார். ஆனாலும் அந்த ஆசிரியை கைநடுங்க என் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்த காட்சியும், அம்புலன்ஸில் வந்தவர்கள் மருந்து பற்றிக் கேட்டபோது என் பொய்யை நம்பி அவர் இல்லை என்று சொன்னதும் என்னை விட்டுப் போகவில்லை. ஒன்ராறியோவில் ஒவ்வொரு நாளும் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேருமுன் ஆசிரியை அதன் உடல்நிலையைக் கவனிக்க வேண்டும் என்பது விதி. அந்த ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். இரவு எப்படி உறங்கினான், எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. நிலையத்தில் மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் உங்கள் எழுத்துமூல அனுமதியும், பிள்ளையின் பெயர் எழுதிய மூலப் போத்தலும் வேண்டும்.

பனியில் வெளியே விளையாட விட்டதால்தான் தடிமன் வருகிறது என்று மாமி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். ஆறு மணித்தியாலமோ அதற்கு மேலோ நடக்கும் நிலையங்களில் காலநிலை இடம் கொடுத்தால் நாளுக்கு 2 மணித்தியாலம் வெளியே விட வேண்டும் என்பதும் விதிதான். தடிமனைக் கொண்டுவருவது கிருமி. அது பூட்டிய அறைக்குள் ஒரே காற்றை எல்லோரும் சுவாசிக்கும்போதுதான் வேகமாகப் பரவுகிறது. மாற்றுடுப்பு இரண்டு சோடி, நீர் புகாத கையுறை, கழுத்துக்குச் சால்வைக்குப் பதிலாகத் தலையால் போடும் கழுத்துறை ஆகியவற்றைப் பெயர் எழுதி அனுப்புங்கள். மாமியிடம் வாதாட வேண்டாம். பிள்ளை பனியில் சிரிக்கும் படம் ஒன்றை அனுப்புங்கள்.

இப்போது ஆசிரியைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. 18 மாதத்துக்கு உட்பட்டவர்களின் அறையில் 10 பிள்ளைகளுக்கு 3 பேர் இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் கணக்கு. 18 மாதம் ஆனதும் உங்கள் மகன் அடுத்த அறைக்குப் போவான். அங்கே 5 பிள்ளைகளுக்கு ஒருவர். கணக்குச் சரியாக இருந்தாலும் அந்த மூன்று பேரும் ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து தூக்குகிறார்கள், எத்தனை முறை கை கழுவித் தோல் வெடிக்கிறது, எத்தனை நோயைத் தாங்களும் வாங்கிக்கொள்கிறார்கள் என்பது வெளியே தெரியாது. எனக்கு ஐந்தாம் ஆண்டில் இடுப்பு நோவு வந்து, பிள்ளை அழுதால் தூக்கப் பயந்த காலம் ஒன்று இருந்தது. பயத்தில் குரல் கடுமையானது, அதை நானே கேட்டேன். அப்போதைய பொறுப்பாளர் என்னைக் கண்டிக்கவில்லை. உடை மாற்றும் மேசைக்குச் சிறிய படி செய்வித்து நடக்கும் பிள்ளைகளைத் தாங்களே ஏற வைத்தார், தரையோடு இருக்கும் நாற்காலிகளை மாற்றினார், ஒருவர் களைத்தால் ஒரு வார்த்தை சொல்லிப் பத்து நிமிடம் வெளியே போகலாம், மாற்று ஆள் வருவார் என்று ஏற்பாடு செய்தார். ஆரையம்பதி வீட்டில் அம்மம்மா களைத்தால் பெரியம்மா வாங்கிக்கொள்வது போலத்தான் அதுவும். அதன் பிறகு எங்கள் அறையில் அழுகை குறைந்ததை நான் கண்ணால் கண்டேன். ஆகவே ஒரு நிலையத்தைப் பார்க்கப் போனால் விளையாட்டுப் பொருட்களைப் பார்ப்பதோடு, இங்குள்ளவர்கள் எத்தனை ஆண்டாக இருக்கிறார்கள், ஓய்வு நேரத்தில் யார் மாற்றுவார்கள் என்றும் கேளுங்கள். ஆட்கள் அடிக்கடி மாறும் அறையில் பிள்ளைக்கு யார் மடி என்று தெரியாமல் போகும்.

உங்களைப் பற்றி இனி. ஒன்ராறியோ வேலைச் சட்டத்தின்படி, வேலையில் சேர்ந்து இரண்டு கிழமை ஆனவருக்கு ஆண்டில் 3 நாள் தன் நோய்க்கும் 3 நாள் குடும்பப் பொறுப்புக்கும் சம்பளமில்லா விடுப்பு உண்டு. அதை எடுத்ததற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. 8 தடிமனுக்கு 3 நாள் போதாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கணவருக்கும் அதே 3 நாள் உண்டு. இதுவரை நான்கு முறையும் நீங்கள்தான் வீட்டில் நின்றீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அடுத்த முறை அவர் நிற்கட்டும். உங்கள் அடுக்குமாடியிலேயே இன்னொரு தாயைக் கண்டுபிடியுங்கள். பெற்றோரும் பிள்ளைகளும் கூடி விளையாடும், அரசு நிதியில் நடக்கும் ஏர்லிஓன் நிலையங்கள் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இலவசம். எனக்குக் கிடைத்த சகோதரிகள் இருவரும் அப்படியான ஓர் அறையில் தரையில் இருந்து பேசிப் பழகியவர்கள்தான், ஒருவர் சோமாலியர்.

பிள்ளை உறங்கியும் உங்களுக்கு உறக்கம் வராதது, காரணமின்றி அழுகை வருவது, பிள்ளையைப் பார்த்தாலும் மனம் மரத்திருப்பது ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால், அதைக் களைப்பென்று ஒதுக்க வேண்டாம். பிள்ளை பிறந்து ஓராண்டு கடந்தும் தாய்மாருக்கு மனச்சோர்வு வரலாம். அது குணமாகும் நோய். மகனின் ஊசிக்குப் போகும் அதே நாளில் வைத்தியரிடம் உங்களுக்கும் நேரம் கேளுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் ஒரு கணமேனும் வந்தால் 988 என்ற உதவி இலக்கத்தை உடனே அழையுங்கள், தங்கச்சி. இரவென்று பார்க்க வேண்டாம்.

கடைசியாக, கண்ணகி அம்மன் கோயிலில் மகனின் கழுத்தில் கட்டிய நூலை நிலையத்தில் கழற்றச் சொல்கிறார்கள், அதைக் கழற்றினால் குற்றமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் நம் நம்பிக்கையை அவமதிக்கவில்லை; உறக்கத்திலோ விளையாட்டிலோ கழுத்தில் உள்ள எந்தக் கயிறும் எங்காவது மாட்டி இறுகலாம் என்பதால் எல்லாப் பிள்ளைக்கும் அதே சொல்தான். கடையில் வாங்கும் கண்மையையும் நிறுத்துங்கள். சிலவற்றில் ஈயம் இருக்கிறது. கன்னத்துப் பொட்டு வேண்டுமானால் அந்த மை இல்லாமல் வீட்டில் வையுங்கள். நூலைக் கழற்றும்போது அம்மனை நினைத்துக்கொண்டு, நீங்களே கழற்றி, சாமிப்படத்தின் அடியில் வையுங்கள். என் மகளின் நூல் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில், திருநீற்றுச் சிமிழுக்குப் பக்கத்தில், இன்னும் அப்படியே இருக்கிறது.